வன்னியில் மாரிக் குளிர்: பெரிய செலவில்லாமல் வீட்டைக் கதகதப்பாக வைத்திருப்பது எப்படி?

வன்னியில் என்ன குளிர் என்று கொழும்பில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மார்கழி இரவில் இங்கே வெப்பமானி காட்டுவது பெரும்பாலும் 20, 21 பாகை செல்சியஸ்தான். நுவரெலியாக்காரர் அதைக் குளிர் என்றே கணக்கெடுக்கமாட்டார். ஆனால் பூசாத கல் வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே, ஈரச் சாரத்தோடு சீமெந்துத் தரையில் படுத்துப் பார்த்தால்தான் அந்த 20 பாகை என்னவென்று தெரியும்.

2022 டிசெம்பரில், மாண்டஸ் புயல் நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு ஆடுகள் குளிர் தாங்காமல் செத்தன. அன்று உறைபனி ஒன்றும் பெய்யவில்லை. விடாமல் பெய்த மழையில் தோல் நனைந்தது, அதன்மேல் காற்று அடித்தது, பலவற்றுக்கு ஒதுங்க இடமில்லை. மனிதருக்கும் இதே கணக்குத்தான். நனையாமல், காற்றுப் படாமல், தரையில் முதுகு ஒட்டாமல் இருந்தால் நம் ஊர்க் குளிரில் முக்கால்வாசி போய்விடும். அறையைச் சூடாக்கப் புறப்படுவதுதான் வீண்செலவு. 2000 வாட் ஹீற்றரை இரவில் ஆறு மணித்தியாலம் போட்டால் 12 யூனிற் ஓடும். சூடு முழுவதும் ஓட்டு இடுக்கால் மேலே போய்விடும். உங்கள் காசில் பல்லிக்குத்தான் சுகம்.

கீழே சொல்பவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். ஈரம் இருக்கும்வரை எத்தனை போர்வை வாங்கினாலும் பயனில்லை.

படி 1: ஈரத்தை வெளியே நிறுத்துங்கள்

ஐப்பசி மழை பிடிக்க முன்னரே மண்வெட்டியை எடுங்கள். வீட்டைச் சுற்றி, கூரைத் தண்ணீர் விழும் கோட்டுக்குச் சற்று வெளியே, ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி வளவின் பள்ளமான பக்கத்துக்கு இறக்கிவிடுங்கள். தண்ணீர் சுவர் அடியில் தேங்கினால் சுவர் அதைக் குடிக்கும், உள்ளே தரை வேர்க்கும். கொட்டில் வீடு என்றால் உள்தரையை மண் போட்டு வெளியை விட உயர்த்தி, நன்றாக இடித்து, சாணத்தால் மெழுகிவிடுங்கள்.

ஈர உடுப்பைப் படுக்கும் அறையில் கொடி கட்டிக் காயவிடாதீர்கள். உடுப்பில் இருக்கும் தண்ணீர் எங்கே போகும்? காற்றில் கலந்து பாயிலும் தலையணையிலும்தான் இறங்கும். குசினியில், அடுப்புக்கு மேலே, நெருப்பு எட்டாத உயரத்தில் கயிறு கட்டினால் மழை நாளிலும் காயும். உடுப்பில் கொஞ்சம் புகை மணக்கும், பரவாயில்லை.

படி 2: வாடைக்காற்றுக்கு வழியை அடையுங்கள்

மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே நான்கு பக்கமும் ஓடாதீர்கள். வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும்தான் முதல் வேலை.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். காற்று அடிக்கும் மாலையில் அதைக் கொளுத்தி, யன்னல் நிலை, கதவு அடி, சுவரும் கூரையும் சேரும் இடம் என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேரே மேலே போனால் சரி. பக்கவாட்டில் சாய்ந்தால் அங்கே ஓட்டை. கரித்துண்டால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

பூசாத கல்லு இடுக்குகளுக்குக் களிமண்ணும் உமியும் சாணமும் குழைத்து அப்பினால் போதும். நெல் ஆலைப் பக்கம் உமிக்குப் பஞ்சமில்லை. உமி சேர்ந்தால் மண் காயும்போது வெடிப்பது குறையும். யன்னலுக்குக் கதவு இன்னும் போடவில்லையா? இரண்டு சாக்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சட்டத்தில் ஆணி அடியுங்கள், வெளிப்பக்கம் தறப்பாள் துண்டு. கதவு அடிக்கு, பழைய காற்சட்டைக் காலை வெட்டி, உமி நிரப்பி, இரு முனையையும் கட்டிப் புடலங்காய் மாதிரி நீட்டிப் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் அடைத்துவிடவும் கூடாது. கூரை முகட்டுப் பக்கம் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். மூச்சுக் காற்றின் ஈரம் வெளியேற அந்த வழி வேண்டும்.

தகரக் கூரைக்காரருக்கு ஒரு தொல்லை கூடுதலாக உண்டு. மழை விட்டு வானம் வெளித்த தை இரவுகளில் தகரம் சட்டென்று குளிர்ந்து, அதன் அடிப்பக்கம் நீர் கோர்த்து, விடியப்புறம் முகத்தில் சொட்டும். படுக்கைக்கு நேர் மேலே, தகரத்துக்கு ஒரு முழம் கீழே, பழைய சேலை இரண்டை விரித்துக் கட்டுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஈரம் ஓரமாக வடியும். அதற்கு அடியில் குப்பிவிளக்கு வைக்கக் கூடாது.

படி 3: தரையிலிருந்து எழும்புங்கள்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தத் தரையைத்தான். போர்வைக்கு மேல் போர்வை போடுவார்கள், அடியில் ஒரே ஒரு பாய். சீமெந்து உடம்புச் சூட்டை இரவு முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே ஒன்று போட்டால் கீழே இரண்டு போடுங்கள்.

காசில்லாத மெத்தை ஒன்று செய்யும் முறை இது. வேண்டியவை: 50 கிலோ உரப் பை இரண்டு, வைக்கோல், சாக்கு ஊசி, சணல் நூல்.

உரப் பையின் உள்ளே இருக்கும் பொலித்தீன் உறையை உருவி எடுத்துத் தனியே வையுங்கள், அதற்கும் வேலை இருக்கிறது. பைகளை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். இரண்டையும் நீளவாட்டில் பொருத்தித் தைத்தால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம்.

காலபோகம், அதாவது மாரி மழையில் விளையும் நெல், அறுவடைக்கு வர மாசி ஆகிவிடும். அதனால் மார்கழியில் புது வைக்கோல் கிடைக்காது. இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களின் கீழே, குளத்துத் தண்ணீரில் வெயில் காலத்துச் சிறுபோகம் செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாட்டுக்கு வைத்திருப்பதில் ஒரு கட்டுத் தருவார்கள். கறுத்ததும் பூஞ்சணம் மணப்பதும் வேண்டாம். இரண்டு வெயில் காட்டி, நன்றாக உதறி, இவ்வளவு போதும் என்று தோன்றும் அளவுக்கு இன்னொரு பங்கு கூட்டி அடையுங்கள். படுக்கப் படுக்கப் பாதியாக அமுங்கிவிடும். வாயைத் தைத்த பிறகு, ஒரு சாண் இடைவெளியில் ஊசியை மேலிருந்து கீழே குத்தி எடுத்து முடிச்சுப் போடுங்கள். இந்த முடிச்சுகளைச் சோம்பலில் விட்டால் வைக்கோல் எல்லாம் காலடியில் போய்க் குவியும், முதுகு மறுபடியும் தரையில்.

விரிக்கும் வரிசை: முதலில் அந்தப் பொலித்தீன் உறை, தரை ஈரத்தை மறிக்க. அதன்மேல் கடையில் கேட்டு வாங்கிய மட்டைப் பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். பிறகு வைக்கோல் மெத்தை, அதன்மேல் பன்பாய், கடைசியாகத் துணி விரிப்பு. பாய் இல்லாமல் படுத்தால் வைக்கோல் குத்தும், கடிக்கும்.

காலையில் எல்லாவற்றையும் எடுத்து நிமிர்த்தி வையுங்கள், வெயில் கண்டால் வெளியே போடுங்கள். மட்டையை நாலு நாள் அசைக்காமல் விட்டால் கறையான் வந்துவிடும். வைக்கோலில் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. வன்னியில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கட்டில் இருக்கிறவர்களுக்கும் மட்டையும் மெத்தையும் வேண்டும், கட்டிலுக்கு அடியாலும் காற்றுப் போகும்.

படி 4: போர்வை

ஒரு தடித்த போர்வையை விட, இரண்டு மூன்று மெல்லியவை நல்லது. இடையில் அடைபடும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைப்பது. பழைய பருத்திச் சேலை நாலை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து ஓட்டுத்தையல் போட்டால் அருமையான போர்வை. நைலோன் சேலையைத் தவிருங்கள், ஈரத்தை இழுக்காது, நெருப்புப் பட்டால் உருகி உடம்பில் ஒட்டும். சுவெட்டர் வேண்டுமென்றால் சந்தையில் நிலத்தில் குவித்து விற்கும் பழைய உடுப்பில் கிளறுங்கள். அதற்கு முன் காலுறையும் தலைக்குத் தொப்பியும்.

படுக்கப் போகும்போது படுக்கை சில்லென்று இருந்தால் இஸ்திரிப்பெட்டியால் விரிப்பை ஒருமுறை தேய்த்துவிடுங்கள். 1000 வாட் பெட்டி மூன்று நிமிடம் ஓடினால் ஒரு யூனிற்றில் இருபதில் ஒரு பங்குதான். கரண்ட் இல்லாத வீட்டில், அடுப்பு ஓரத்தில் ஒரு காய்ந்த செங்கல்லைச் சூடாக்கி, சாக்கில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். ஈரக் கல் வேண்டாம், சூட்டில் வெடிக்கலாம். மணலை வறுத்துப் பருத்தித் துணியில் கட்டியும் வைக்கலாம். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துச் சூடு தாங்கினால் மட்டும். பிளாஸ்டிக் போத்தலில் கொதிதண்ணீர் ஊற்றினால் போத்தல் நெளிந்து ஒழுகும். கை பொறுக்கும் சூட்டில் ஊற்றி, இறுக மூடி, துணி சுற்றுங்கள்.

படி 5: நெருப்பில் கவனம்

சட்டியில் தணல் அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பதை மட்டும் எந்தக் குளிரிலும் செய்யாதீர்கள். சிரட்டைக்கரியோ விறகுத் தணலோ, புகை தெரியாவிட்டாலும் காபன் மொனொக்சைட் வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். காற்றுக்கு அடைத்த வீட்டில் ஆபத்து இன்னும் அதிகம்.

குளிர் காய வேண்டுமா, எல்லோரும் குசினிக்குப் போங்கள். இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் பிந்திச் சமைத்து, அடுப்பைச் சுற்றி இருந்து சாப்பிட்டு, பிள்ளைகள் பாடத்தையும் அங்கேயே படித்தால் ஒரே விறகில் எல்லாம் முடியும். குரக்கன் கூழ், ரசம், வேர்க்கொம்பு தட்டிப் போட்ட மல்லித்தண்ணி, பனங்கட்டி கடித்து ஒரு பிளேன்டி, எது வீட்டில் இருக்கிறதோ அது. சாராயம் சூடு தரும் என்பது பொய். தோலுக்கு இரத்தம் கூடிப் பாய்வதால் சுடுவது போல இருக்கும், உண்மையில் உடம்புச் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

கைக்குழந்தையும் வயதானவர்களும்

குழந்தையின் முகத்துக்கு மேலே போர்வை ஏறக் கூடாது, சூட்டுப் பொட்டலமும் பக்கத்தில் வேண்டாம். தாயின் நெஞ்சோடு தோல் படக் கிடத்தி, இருவருக்கும் மேலால் துணி சுற்றினால் அதைவிடச் சூடு வேறில்லை. அப்பு, ஆச்சிமார் குளிரவில்லை என்றுதான் சொல்வார்கள். சொல்லை நம்பாமல் கையையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். வயிறும் சில்லென்று இருந்து, பேச்சுக் குழறி, நடுக்கமும் நின்றுவிட்டால் அது ஆபத்து. ஈர உடுப்பைக் களைந்து, போர்த்தி, உடனே 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

வீட்டு வேலை முடிந்த கையோடு பட்டிக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் வடகிழக்குப் பக்கம் ஓலைத் தட்டி ஒன்று கட்டி, நிலத்தில் மேடு போட்டு உலர்ந்த உமி பரப்பிவிடுங்கள். மழை விடாமல் பிடித்துவிட்டால் காய்ந்த உமிக்கு எங்கே போவது? இரண்டு சாக்கு முன்னரே கட்டித் தறப்பாளுக்குக் கீழே வைத்துவிடுங்கள்.