கேம்பர் வேனுக்கு டேங்க் இல்லாத ஹீட்டர்: லீற்றரைப் பார்த்து மயங்காதீர்கள்

கொழும்பில் வேனையோ ரோசா பஸ்ஸையோ கேம்பராக மாற்றுகிறவர்கள் கட்டில், அடுப்பு, பற்றரி எல்லாம் முடிந்த பிறகுதான் குளிப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். வெள்ளவத்தையில் நிற்கும்வரை சுடுதண்ணீர் யாருக்கு வேண்டும்? நுவரெலியாவில் விடியற்காலை பைப்பைத் திறக்கும்போதுதான் அருமை தெரியும்.

டேங்க் இல்லாத ஹீட்டர் தண்ணீரைச் சேமித்து வைக்காது, ஓடும்போதே சூடாக்கும். கடையில் அதை 6 லீற்றர், 8 லீற்றர், 10 லீற்றர் என்று, அதாவது நிமிடத்துக்கு எவ்வளவு சுடுதண்ணீர் தரும் என்ற கணக்கில், அடுக்கி வைத்திருப்பார்கள். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று கை பெரியதன் பக்கம் போகும். வேனுக்கு அது வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

படி 1: மின்சாரமா, கேஸா?

வீட்டுக் குளியலறையில் மாட்டும் மின்சார ஷவர் ஹீட்டர் 3.5 முதல் 4.5 கிலோவாட் வரை இழுக்கும். 12 வோல்ட் பற்றரியிலிருந்து அதைக் கொடுக்க வேண்டுமானால் 300 அம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 100 அம்பியர்-மணி பற்றரியில் மொத்தமாக இருப்பதே 1.2 கிலோவாட்-மணிதான். ஆகவே கேஸ்.

படி 2: உங்கள் கணக்கைப் போடுங்கள்

முதலில் வாளியும் கடிகாரமும் எடுங்கள். வேனில் உள்ள பம்பைப் போட்டு, ஷவரைத் திறந்து, 10 லீற்றர் வாளி எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். இரண்டரை நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 4 லீற்றர். வேன் குளிப்புக்கு அது தாராளம்.

இனி சூத்திரம்: நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் × எத்தனை பாகை (செல்சியஸ்) சூடு கூட்ட வேண்டும் × 0.07 = கிலோவாட்.

குளிக்க 40 பாகை போதும். கொழும்புத் தண்ணீர் ஏறத்தாழ 28 பாகை. 12 பாகை கூட்ட 3.4 கிலோவாட். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் 15 பாகை என்று வைத்துக்கொண்டால் 25 பாகை கூட்ட வேண்டும்; அதற்கு 7 கிலோவாட். கேஸ் ஹீட்டரில் எழுதியிருக்கும் லீற்றர் பொதுவாக 25 பாகை கூட்டும்போது வரும் அளவு. அப்படியென்றால் 5 அல்லது 6 லீற்றர் ஹீட்டரே மலைநாட்டுக்கும் போதும்.

‘முடிவில்லாத சுடுதண்ணீர்’ என்று விளம்பரம் சொல்லும். உண்மைதான், ஹீட்டருக்கு முடிவில்லை. 80 லீற்றர் தண்ணீர்த் தாங்கி 20 நிமிடத்தில் காலியாகிவிடும்.

படி 3: அதிகபட்சத்தை விடுங்கள், குறைந்தபட்சத்தைக் கேளுங்கள்

இதைக் கடையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. கேட்க வேண்டிய எண்கள் இரண்டு.

ஒன்று, எவ்வளவு தண்ணீர் ஓடினால் நெருப்புப் பற்றும்? பெரும்பாலும் நிமிடத்துக்கு 2 முதல் 3 லீற்றர். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஷவரைக் குறைத்தால் நெருப்பு அணைந்துவிடும், தலையில் பச்சைத் தண்ணீர் விழும். சூடு கூடிவிட்டதே என்று பக்கத்துக் குளிர்ந்த பைப்பைத் திறந்து கலந்தாலும் இதே கதைதான். ஒரே பம்ப் என்பதால் ஹீட்டர் வழியே போகும் ஓட்டம் குறையும். முதலில் இன்னும் சுடும், அப்புறம் அணையும்.

இரண்டு, ஆகக் குறைத்து வைத்தால் எத்தனை கிலோவாட் எரியும்? 4 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காத ஹீட்டரில் 2.5 லீற்றர் ஓடினால் தண்ணீர் 23 பாகை கூடும். திருகோணமலையில் வெயிலில் நிற்கும் வேனின் தாங்கியில் தண்ணீர் 33 பாகை இருந்தால், ஷவரில் வருவது 56 பாகை. தோல் வெந்துபோக அரை நிமிடம் போதும். 10 லீற்றர் ஹீட்டரை வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம்: பெரிய ஹீட்டர்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குக் கீழே இறங்குவதில்லை.

சில மாடல்களில் முன்பக்கம் கேஸ், தண்ணீர்த் திருகுகளோடு வெயில்காலம்–குளிர்காலம் என்று மூன்றாவது திருகு ஒன்று இருக்கும். வெயில்காலத்தில் வைத்தால் பர்னர் வரிசையில் ஒரு பகுதி மட்டும் எரியும். காலையில் கடற்கரையிலும் மாலையில் மலையிலும் நிற்கிற நாட்டில் அந்தத் திருகு இல்லாததை நான் வாங்க மாட்டேன். மோட்டார் ஹோமுக்கென்றே செய்த ஹீட்டர்கள் வெப்பநிலையைப் பார்த்து நெருப்பைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். காசு இருந்தால் அதுவே நல்லது.

படி 4: புகை எங்கே போகும்?

கொக்கியில் தொங்கவிடும் மலிவான ஹீட்டர் வெளியில் மட்டும் பாவிக்க வேண்டியது. பின்கதவுக்கு வெளியே மாட்டிக் குளியுங்கள். ஜன்னலைத் திறந்து வைக்கிறேன் என்று உள்ளே கொண்டுவராதீர்கள். புகையில் வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே பொருத்துவதென்றால், வெளிக்காற்றை இழுத்துப் புகையையும் வெளியே தள்ளும் மூடிய வகை வேண்டும். கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்றும் கட்டாயம். கேஸ் கசிவு அலாரம் அதிலிருந்து வேறு: சமையல் கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் அதைத் தரையோரம் பொருத்துங்கள்.

படி 5: பெயர்த்தகட்டைப் படியுங்கள்

எல்பிஜி (சமையல் கேஸ்) என்றும், அழுத்தம் 2.8 கிலோபாஸ்கல் அல்லது 28–30 மில்லிபார் என்றும் இருக்க வேண்டும். ரெகுலேட்டரும் அதற்குப் பொருந்த வேண்டும். இயற்கை எரிவாயு என்று இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வாருங்கள். கேஸ் பர்னருக்குள் பீறிடும் அதன் ஜெட் துளை பெரிது. நம் கேஸில் நெருப்பு கட்டுக்கடங்காமல் எரியும். கையேட்டில் உயர வரம்பு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நுவரெலியாவில் காற்று ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

கேஸ் செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். மலைநாட்டுக் குளிரில் பத்து நிமிடக் குளிப்புக்கு 110 கிராம் அளவில் போகும். 5 கிலோ சிலிண்டரில் நாற்பது குளிப்பு தாண்டும்.

பற்றவைக்கப் பெரும்பாலும் இரண்டு பெரிய டோர்ச் பற்றரிகள் போடுவார்கள். மேலதிகமாக ஒரு சோடி வைத்திருங்கள். யாழ்ப்பாணப் பக்கம் அடிக்கடி போய்க் கிணற்றுத் தண்ணீர் நிரப்புகிறவர்களுக்கு உள்ளே சுண்ணாம்பு படியும். ஹீட்டரைக் கழற்றி, விநாகிரி கலந்த தண்ணீரை உள்ளே நிற்கவிட்டு, அப்புறம் நன்றாக அலசிவிட்டால் போய்விடும்.