பழைய அம்பாசிடர் வாங்கவும் விற்கவும்

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரை வாங்க விரும்புவோர், என்ஜின் ஓசையில் மயங்குவதற்கு முன் காரின் உடற்பகுதித் தகட்டைப் பார்க்க வேண்டும். என்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம், உப்பு அரித்த தகட்டை மீட்பதோ பெருஞ்செலவு. உவரி, கூடங்குளம் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டியென்றால், உள்ளே விரித்திருக்கும் மிதியடியைத் தூக்கித் தரையைத் தட்டிப் பார்த்து, துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் அடிவிளிம்பில் நகர்த்துங்கள்: அது ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது தகடல்ல, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டி. (பளபளக்கும் புதுப் பெயின்ட் எனக்கு எப்போதும் சந்தேகத்தையே தரும்.) வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணை ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தோடு ஒப்பிடுங்கள், 15 ஆண்டு கடந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். விற்பவர் பழுதை மறைக்காமல் சொல்லி, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையொப்பமிட்டு, அம்மாற்றம் முடியும்வரை அவற்றின் நகலை வைத்திருக்க வேண்டும். இல்லையேல் வேறொருவர் ஓட்டியதற்கான அபராதம் விற்றவரின் வீட்டு வாசலுக்கே வந்து சேரும்.