ஓடும் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை: எப்போது, எவ்வளவு, எப்படி

பயிற்சி மாறவில்லை, ஆனால் 5 கி.மீ. ஓடி முடிக்க மாதத்துக்கு மாதம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இப்படி இருந்தால் மருந்துக்கடைக்குப் போகுமுன் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். இரும்பு குறைந்தவருக்குத்தான் மாத்திரை ஓட்டத்தை மீட்டுத் தரும். போதுமான அளவு இருப்பவர் விழுங்கினால் மலச்சிக்கல்தான் மிச்சம்.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. உடம்பின் இரும்புச் சேமிப்பு கரைந்த பிறகுதான் அது இறங்கத் தொடங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஃபெரிட்டின் மி.லி.க்கு 15 நானோகிராமுக்குக் கீழே என்றால் சேமிப்பு காலி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விளையாட்டு மருத்துவர்கள் பலர் 30, 35 என்று வரும்போதே கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஹீமோகுளோபின் 12.5, ஃபெரிட்டின் 11 என்று வரும் ரிப்போர்ட்தான் பெரும்பாலும் 'நார்மல்' என்று ஓரம் கட்டப்படுகிறது. ஆனால் தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினுக்கும், செல்லில் ஆற்றலை உண்டாக்கும் புரதங்களுக்கும் இரும்பு வேண்டும். ரத்தசோகை வராமலேயே கால் கனத்துப்போவது அதனால்தான்.

காய்ச்சலும் முந்தைய நாள் ஓடிய நீண்ட ஓட்டமும் ஃபெரிட்டினைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஒரு நாளாவது ஓய்வெடுத்துவிட்டு, உடம்பு சரியாக இருக்கும்போது ரத்தம் கொடுங்கள். எம்.சி.வி. (ரத்தச் சிவப்பணுக்களின் சராசரி அளவு) மிகக் குறைவாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் நன்றாக இருந்தால், பரம்பரையாக வரும் தலசீமியா என்ற ரத்தக் குறையின் மரபுக்கூறா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு இரும்பு மருந்தல்ல.

அட்டையில் எதைப் படிப்பது

மாத்திரையின் எடை வேறு, அதிலுள்ள இரும்பின் எடை வேறு. ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. மாத்திரையில் இரும்பு சுமார் 65 மி.கி.தான். ஃபெரஸ் அஸ்கார்பேட் அட்டைகளில் பெரும்பாலும் இரும்பின் அளவே, 100 மி.கி. என்று, நேரடியாக அச்சிட்டிருக்கும். பள்ளிகளில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. அது தடுப்புக்கான அளவு. குறைபாடு வந்த பிறகு வாரத்துக்கு ஒன்று போதாது. மெதுவாகக் கரையும் பூச்சு மாத்திரைகள் வயிற்றுக்கு இதமானவைதான், ஆனால் இரும்பை உறிஞ்சும் சிறுகுடலின் முன்பகுதியைத் தாண்டிய பிறகு கரைந்து என்ன பயன்?

ரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருந்தால், 60 முதல் 100 மி.கி. இரும்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது நல்ல தொடக்கம். தினமும் எடுத்தால் சீக்கிரம் ஏறும் என்று தோன்றும். ஆனால் ஒரு வேளை மாத்திரைக்கே கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடும். அது குடலின் கதவை ஏறக்குறைய ஒரு நாள் சாத்தி வைக்கும். மறுநாள் விழுங்குவதில் பெரும்பங்கு கழிவாகப் போகும். ரத்தசோகை இருந்தால் அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

காலை நேரக் கணக்கு

கடுமையாக ஓடினாலும் ஹெப்சிடின் ஏறும். 3 முதல் 6 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். எனவே ஓடி முடித்த அரை மணிக்குள் மாத்திரை உள்ளே போய்விட வேண்டும். 6:30க்கு ஓட்டம் முடிந்தால், 6:45க்கு அரை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு மாத்திரை. 7:45க்கு டிபன். காபி 8:30க்கு. காபியை விடச் சொல்லவில்லை, தள்ளிப் போடத்தான் சொல்கிறோம். மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கும் டீயும் காபியும் இரும்பில் பெரும்பகுதியை உடம்பில் சேரவிடாது. மாலையில் பயிற்சி செய்பவர்களும் மாத்திரையைக் காலையிலேயே எடுக்கலாம்.

கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும், தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம். குமட்டினால் ஒரு இட்லியோடு எடுங்கள்; உறிஞ்சல் சற்றுக் குறையும், ஆனால் மாத்திரையை நிறுத்துவதைவிட மேல். மலம் கருத்துப் போவது இயல்பு. தார்போல் ஒட்டிக்கொண்டு துர்நாற்றம் வீசினால் அது ரத்தக்கசிவாக இருக்கலாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பாட்டில் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் தரும் இரும்பு எளிதில் சேரும். கீரை, பயறு சாப்பிடும்போது நெல்லிக்காயோ எலுமிச்சையோ கூட இருக்கட்டும். பேரீச்சம்பழத்துக்கு ஏன் இவ்வளவு பெயர் வந்ததோ, 100 கிராமில் ஏறக்குறைய 1 மி.கி.தான் இருக்கிறது.

4 வாரத்தில் ஹீமோகுளோபினையும், 8 முதல் 12 வாரத்தில் ஃபெரிட்டினையும் மறுபடி பாருங்கள். ரத்தசோகை இருந்தவர்கள் ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் 3 மாதம் தொடர வேண்டும். சேமிப்பு நிரம்புவது அப்போதுதான். ஏறவே இல்லை என்றால் ஓட்டை வேறெங்கோ இருக்கிறது. 1 மி.லி. ரத்தத்தில் சுமார் அரை மி.கி. இரும்பு, மாதவிடாயில் 80 மி.லி. போனால் 40 மி.கி. இழப்பு. நாப்கின் ஒரு மணி, இரண்டு மணிக்கொரு முறை நனைந்தால் மாத்திரையை மட்டும் நம்பாமல் மகளிர் மருத்துவரிடம் போங்கள். நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் போடும் பான்டோபிரசோலும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். கொக்கிப்புழுவும் குடலில் ரத்தம் குடிக்கும்.

அட்டையைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். நிறமும் இனிப்புப் பூச்சும் மிட்டாய் போலிருக்கும், ஆனால் சில மாத்திரைகளே சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகும்.