ராமநாதபுரம் கரைக்கு எதை உடுத்திப் போவது?

வெளிநாட்டில் செமி கேஷுவல் என்றால் கோட்டும் டையும் வேண்டாம், கிழிந்த ஜீன்ஸும் கூடாது. காலர் வைத்த சட்டை, நல்ல பேண்ட், பெண்களுக்கு முழங்கால் அளவு கவுன். ராமநாதபுரம் கரையில் அந்தக் கவுனைத் தவிர மற்றதெல்லாம் செல்லும். ஒரே நாளில் ராமேஸ்வரம் கோயில், ஏர்வாடி தர்கா, தங்கச்சிமடத்தில் சொந்தக்காரர் வீடு என்று சுற்றினாலும் இடத்துக்கு ஓர் உடை தேவையில்லை.

பெண்களுக்கு நான் சொல்வது தொளதொளப்பான பருத்திச் சுடிதாரும் அகலமான துப்பட்டாவும்தான். கோயிலில் தோளில் கிடப்பதைத் தர்காவில் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். லெக்கிங்ஸுக்கு மேல் குட்டை டாப்ஸ் போட்டால் சொந்தக்காரர் வீட்டில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டு ஒரு துண்டை நீட்டுவார். சேலைதான் விருப்பம் என்றால் தனுஷ்கோடிக் காற்றை நினைத்து ஊசிகளைத் தாராளமாகக் குத்திக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கு முழு பேண்ட்டும் அரைக்கைப் பருத்திச் சட்டையும் எங்கும் போதும். கடலோரப் புழுக்கத்தில் பாலியெஸ்டர் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பெர்முடா கடற்கரையோடு நிற்கட்டும். கீழக்கரைத் தெருவிலும் பாம்பனிலும் கைலி சகஜம்தான். ஆனால் விருந்தாளியாகப் போகும் வீட்டுக்கு அதைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தால் பெரியவர்களைக் கண்டதும் இறக்கிவிடுங்கள். கட்டத் தெரியாதவர்களுக்கு 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' வேட்டி இருக்கிறது, அதில் வெட்கம் எதற்கு?

ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடுவதற்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு, பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணறு கிணறாக வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். வெள்ளையும் மெல்லிய துணியும் நனைந்தால் உடலைக் காட்டிவிடும். ஜீன்ஸ் கனத்துப்போகும், லேசில் உலராது. அடர்நிறப் பருத்தியே நல்லது. ஈர உடையோடு சுவாமி சந்நிதிக்குள் விடமாட்டார்கள், ஆகவே உலர்ந்த மாற்றுடை ஒன்று, துண்டு ஒன்று, ஈரத்துணி போட ஒரு பை.

லேஸ் கட்டும் ஷூவை மறந்துவிடுங்கள். வாசலுக்கு வாசல் கழற்ற வேண்டியிருக்கும். சாதாரணச் செருப்பே மேல். உச்சி வெயிலில் உத்தரகோசமங்கைக் கோயிலின் கல்தரை வெறுங்காலைப் பொரித்துவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.

பெட்டி நிறையத் துணி கொண்டுவர வேண்டியதில்லை. மதுரையிலிருந்து வரும் வழியிலேயே பரமக்குடி. நெசவாளர் ஊர், கைத்தறிப் பருத்திச் சேலை அங்கேயே வாங்கலாம். ரவிக்கை தைக்க நாளாகும், துணியை வந்த அன்றே தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.