ஆடையிலுள்ள சான்று முத்திரை எதைச் சொல்கிறது?

ஆடையின் சீட்டில் சான்று முத்திரையைக் கண்டால், அது அணிபவரின் பாதுகாப்பைப் பற்றியதா, உற்பத்தி முறையைப் பற்றியதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை, துணி மட்டுமன்றித் தையல் நூல், பொத்தான், ஜிப் ஆகியவற்றிலும் தீங்கான வேதிப்பொருள்கள் வரம்பு மீறாமல் உள்ளனவா எனச் சோதிக்கப்பட்டதைக் காட்டுகிறது. பருத்தி இயற்கை முறையில் விளைந்தது என்று அது சொல்வதில்லை. இதன் நான்கு பிரிவுகளுள் 3 வயது வரையிலான குழந்தைகளுக்குரிய முதற்பிரிவே மிகக் கடுமையானது என்பதால், பச்சிளங்குழந்தைக்கு வாங்குவோர் அந்தப் பிரிவுதானா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான உலகளாவிய தரநிலையான காட்ஸின் (GOTS) முத்திரை வேறு வகை. குறைந்தது 70 விழுக்காடு இயற்கை வேளாண் இழை இருந்தால்தான் அது கிடைக்கும். ‘ஆர்கானிக்’ என்றே குறிக்க 95 விழுக்காடு தேவை. இழையின் அளவோடு நில்லாமல், சாயப் பொருள்கள், ஆலைக் கழிவுநீர், தொழிலாளர் உரிமை ஆகியவற்றையும் அது கணக்கில் கொள்வதால், சூழல்மீது அக்கறையுள்ளோர் இதையே முதலில் தேடலாம் என்பது என் கருத்து.

எந்த முத்திரையானாலும் அதனுடன் சான்று எண்ணோ உரிம எண்ணோ இருக்க வேண்டும். அந்த எண்ணைச் சான்றளிக்கும் அமைப்பின் இணையதளத்தில் உள்ளிட்டு, நிறுவனத்தின் பெயரும் ஆடை வகையும் பொருந்துகின்றனவா, சான்று காலாவதியாகவில்லையா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.