மலைநாட்டில் பழைய வீட்டுக்குக் கூரை மாற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், ஹப்புத்தளை, பண்டாரவளை பக்கம் பழைய வீட்டுக்குக் கூரை மாற்றுவது என்றால் இப்போது பெரும்பாலும் ஒன்றுதான். மேலே இருப்பது ஓடோ, அஸ்பெஸ்டஸ் சீட்டோ, துருப்பிடித்த தகரமோ, அதைக் கழற்றிவிட்டு கலர் தகரம் போடுவது. அதில் தப்பில்லை. ஆனால் பழைய கூரை மழையை மட்டும் மறைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அடுப்புப் புகையை இடுக்கு வழியாக வெளியே விட்டது, ஓடோ அஸ்பெஸ்டஸோ என்றால் உள்ளே இருந்த ஈரத்தை உறிஞ்சியது, ஓட்டு வீடாக இருந்தால் தன் பாரத்தாலேயே காற்றுக்கு அசையாமல் நின்றது. புதுத் தகரம் இதில் எதையும் தானாகச் செய்யாது. கூரை மாற்றிய அடுத்த வருடம் வருகிற குறைகளை நோண்டிப் பார்த்தால் அடியில் இந்த விஷயம்தான் இருக்கும்.

முதல் குறை இப்படி வரும்: “புதுசா போட்ட கூரை, அதுக்குள்ள ஒழுகுது.” மேலே ஏறிப் பார்த்தால் ஓட்டை இல்லை. முதல் நாள் மழையும் இல்லை. சொல்லப்போனால் மேகமே இல்லாத ஜனவரி, பெப்ரவரி இரவுகளுக்கு அடுத்த காலையில்தான் சொட்டு அதிகம், தேயிலைக் கொழுந்து கருகிப்போகிற அளவுக்குப் பனி கொட்டுகிற அதே இரவுகள். அது மழைத்தண்ணீரே இல்லை, வீட்டுக்குள் இருந்த ஈரம். தெளிந்த இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். உள்ளே நாம் மூச்சு விடுகிறோம், சுடுதண்ணீர் வைக்கிறோம், காயாத உடுப்பை அடுப்பு மேலே கொடி கட்டிப் போடுகிறோம். வீட்டுக்குள் 16 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 80 வீதம் என்று வைத்துக்கொண்டால், தகரம் 12 பாகைக்குப் போனாலே அதன் அடியில் தண்ணீர் கோக்கும், சோற்றுப் பானை மூடியின் உட்பக்கம் மாதிரி. ஓடும் அஸ்பெஸ்டஸும் இந்த ஈரத்தைக் கொஞ்சம் குடித்து வைத்திருந்து பகலில் விட்டுவிடும். தகரம் ஒரு சொட்டும் குடிக்காது.

இது தெரியாமல் ஆளைக் கூப்பிட்டு ஆணிக்கு ஆணி சிலிக்கன் பூசுகிறவர்கள் நிறையப் பேர். பூசிய மறுநாளும் சொட்டும், பாவம் அந்த பாஸ் (மேஸ்திரி)தான் ஏச்சு வாங்குவார். செய்ய வேண்டியது தகரம் போடும் முன்பே அடியில் ஃபாயில், அதாவது பளபளக்கும் அலுமினியத் தாள், விரிப்பது, முடிந்தால் நுரை ஒட்டிய தடிப்பான ஃபாயில். அதிலும் இரண்டு இடத்தில் பிழை விடுகிறார்கள். ஒன்று, ஃபாயிலைத் தகரத்தோடு ஒட்டி இறுக்கமாக இழுத்துப் போடுவது. பளபளப்பு வேலை செய்ய ஒரு அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும், ஆகவே கூரையைச் சரிவாகத் தாங்குகிற கைமரங்களுக்கு நடுவே கொஞ்சம் தொய்வாக விடச் சொல்லுங்கள். மற்றது, கீழ் முனையைச் சுவருக்கு உள்ளேயே வெட்டிவிடுவது. தகரத்தில் கோத்த தண்ணீர் ஃபாயிலில் விழுந்து வழிந்து வரும், அது சுவரைத் தாண்டி, கூரை விளிம்பில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குள் விழ வேண்டும். உள்ளே நின்றுவிட்டால் நேராகச் சுவர்த் தலையில் இருக்கும் வளைமரத்தில் இறங்கும், மூன்று நான்கு வருடத்தில் மரம் உளுத்துவிடும், வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சீலிங் அடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சீலிங் சொட்டை மறைக்கும், நிறுத்தாது. சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று ஓட வேண்டும், அதாவது தாழ்வாரத்தில் உள்ளே வர ஒரு வழி, முகட்டிலோ முக்கோணச் சுவரிலோ வெளியே போக ஒரு வழி. குளிருது என்று இந்த இரண்டையும் சீமெந்தால் அடைத்துவிடுவது மலைநாட்டு வழக்கம். எலி, குருவி வரும் என்றால் வலை அடியுங்கள், அடைக்காதீர்கள்.

சமையலறைக்கு இது இன்னும் முக்கியம். விறகடுப்பு எரிகிற பழைய குசினியில் புகை ஓட்டு இடுக்கில் போய்க்கொண்டிருந்தது, புகைபோக்கி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. அதே குசினிக்கு மேலே இடுக்கே இல்லாமல் தகரமும் சீலிங்கும் போட்டுவிட்டு பழைய அடுப்பை அப்படியே எரித்தால் புகை எங்கே போகும்? புகைபோக்கி கட்டாமல் குசினிக் கூரையில் கை வைக்க வேண்டாம். இரவில் குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவை மூடித் தூங்குகிற பழக்கம் இருக்கிற வீடுகளில் இது உயிர் போகிற விஷயம், கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கு மணமும் கிடையாது, கண்ணும் எரியாது.

இனி காற்று. ஓட்டுக் கூரை ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 40 கிலோ பாரம் இருக்கும், 0.47 மில்லிமீற்றர் தகரம் 5 கிலோவைத் தாண்டாது. “பாரம் கொறையுது, நல்லதுதானே?” என்பார்கள். சுவருக்கு நல்லதுதான். ஆனால் காற்று கூரையைக் கீழே தள்ளுவதைவிட மேலே தூக்கத்தான் பார்க்கும், அதுவும் ஓரங்களிலும் முகட்டிலும் மூலைகளிலும் பலமாக. ஓட்டுக்காலத்தில் கைமரம் வளைமேல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பாரம் பிடித்துக்கொண்டது. தகரம் போட்ட பிறகு ஜூன், ஜூலைக் காற்றில் தகரம் மட்டும் கழன்று போவதில்லை, கைமரத்தோடு சேர்ந்தே எழும்பலாம். ஆகவே கைமரத்தை வளையோடும் வளையைச் சுவரோடும் இரும்புப் பட்டியால் கட்ட வேண்டும். இந்தச் செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது, கேட்டால் “அதெல்லாம் ஒன்னும் ஆகாதுங்க” என்று பதில் வரும். ஆகும். கல்லும் மணல் மூட்டையும் பழைய டயரும் மேலே ஏற்றி வைப்பது இதற்கு மருந்து இல்லை, அதன் அடியில் ஈரம் நின்று முதலில் துருப்பிடிப்பது அந்த இடம்தான். டயரில் நுளம்பு வேறு.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவர்களுக்குத் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு காம்பராவுக்கு, அதாவது அறை வீட்டுக்கு, ஒரே கூரை. காசு கிடைத்தவர் தன் காம்பராவுக்கு மேலே மட்டும் மாற்றுவார், பக்கத்து வீட்டில் பழைய தகரம் அப்படியே இருக்கும். புதுத் தகரத்தின் மேடு பள்ளம் பழையதோடு பொருந்தாவிட்டால் அந்த மூட்டில் எத்தனை தார் பூசினாலும் மழை இறங்கும், இறங்குவது பக்கத்து வீட்டுக்குள்ளே, அப்புறம் சண்டை. மாற்றுவது என்றால் இரண்டு மூன்று வீடு சேர்ந்து மாற்றுங்கள். முடியாவிட்டால் பழைய தகரத்தின் ஒரு துண்டைக் கடைக்கே எடுத்துப்போய், அதே அலை இருக்கிற தகரமாகப் பார்த்து வாங்குங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதியைக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு என்றால் துரை (தோட்ட மேலாளர்) மாறினால் போச்சு.

இப்போது அஸ்பெஸ்டஸ். நம் ஊரில் “சீட்” என்றாலே அதுதான். வெள்ளை அஸ்பெஸ்டஸால் ஒன்றும் இல்லை, நீலம்தான் கூடாது என்று ஒரு கதை சுற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்றுதான் சொல்கிறது. நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட ஆகலாம், அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. இங்கே அதைத் தடை செய்யப் பார்த்த கதையும் நமக்குச் சம்பந்தமில்லாதது இல்லை. 2017 டிசெம்பரில் இலங்கைத் தேயிலைச் சரக்கில் வண்டு இருந்தது என்று ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியது, 2018 ஜனவரியில் வரவிருந்த அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை அரசாங்கம் தள்ளிப்போட்டது. நமக்கு அஸ்பெஸ்டஸ் வருவது பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து என்பதைச் சேர்த்துப் படித்தால் விஷயம் புரியும். நாம் பறிக்கிற கொழுந்தும் நம் தலைக்கு மேலே இருக்கிற சீட்டும் ஒரே பேரத்தில் இருந்தன.

முழுசாகக் கிடக்கிற சீட்டால் அவ்வளவு ஆபத்து இல்லை. உடைக்கும்போது, வாளால் அறுக்கும்போது, துளை போடும்போது பறக்கிற தூசுதான் நெஞ்சுக்குள் போகும். மலைநாட்டு ஈரத்துக்குச் சீட்டில் பாசி கட்டாய் ஏறியிருக்கும், பெயின்ட் அடிக்க வேண்டும் என்று கம்பி பிரஷ்ஷால் அதைச் சுரண்டுவதும் மெஷின் தண்ணீர் அடிப்பதும் அதே தப்பு. கழற்றுவதாக இருந்தால் முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனையுங்கள், ஆணியைக் கழற்றி சீட்டை முழுசாக ஒன்று ஒன்றாகக் கீழே இறக்குங்கள், மேலிருந்து போட வேண்டாம். துணியை மூக்கில் கட்டினால் போதாது, என்-95 மாஸ்க்கும் போதாது, பி-100 அல்லது எஃப்எஃப்பி-3 என்று போட்ட மாஸ்க் வேண்டும். உடைந்த துண்டை உலர்வாகக் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து அள்ளிப் பொலித்தீனில் கட்டுங்கள். அந்த உடுப்பை உதறாமல் தனியாகத் துவையுங்கள். எங்கே போடுவது என்று உங்கள் பிரதேச சபையிலோ நகர சபையிலோ முன்கூட்டியே கேளுங்கள். பாதைக்குழிக்குப் போட்டு மிதிப்பதும் கோழிக்கூட்டுக்கு வெட்டிப் போடுவதும் வேண்டவே வேண்டாம். அதோடு பழைய சீட்டில் நேராகக் கால் வைக்காதீர்கள், பார்க்கத் திடமாக இருக்கும், ஆளோடு உள்ளே விழும். கைமரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதில் நில்லுங்கள்.

கழற்றுகிற தொல்லையே வேண்டாம், சீட்டுக்கு மேலேயே தகரத்தை அடித்துவிடுவோம் என்றும் சொல்வார்கள். துளை போடுகிற தூசு அப்படியே வரும், பாரமும் கூடும், கீழே உளுத்த மரம் உளுத்தபடி மூடிக்கொள்ளும். பழைய வீட்டில் கூரையைத் திறக்கிற அந்த ஒரு நாள்தான் மரத்தைப் பார்க்கக் கிடைக்கிற நாள். ஒரு திருப்புளியை எடுத்து வளைமரத்தின் முனைகளிலும் கைமரம் சுவரைத் தொடுகிற இடத்திலும் குத்திப் பாருங்கள், வெண்ணெய்யாக இறங்கினால் மரம் மாற்ற வேண்டும். மாற்றும்போது அன்றைக்கு அறுத்த பச்சை யூகலிப்டஸைக் கொண்டுவந்து அடிக்காதீர்கள், காயும்போது முறுக்கும், தகரத்தையும் சேர்த்து முறுக்கும்.

தகரம் போடுகிற விதத்தில் சின்னச் சின்ன விஷயங்கள். கல்வனைஸ் ஆணியை நாளுக்கு நாலு மூட்டை அடித்த பழைய கைகளுக்கு ஸ்க்ரூ பிடிபடாது, இறப்பர் வொஷர் பிதுங்கும்வரை முறுக்கிவிடுவார்கள், பிதுங்கிய வொஷர் வெயிலில் வெடிக்கும். வொஷர் தட்டையாக உட்கார்ந்தால் போதும். கிரைண்டரால் வெட்டினால் தீப்பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு எரிந்துபோய் துருப்பிடிக்கும், கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள், துளை போட்ட இரும்புத் தூளை அன்றைக்கே கூட்டி இறக்குங்கள். சிங்க் அலுமினியத் தகரத்தில் பென்சிலால் கோடு போட்டால்கூட அந்தக் கோடு அரிக்கும். புகைபோக்கியும் தகரமும் சேருமிடத்தில் வெறும் சீமெந்து பூசினால் ஒரு வருடம்கூட நிற்காது, ஈரச் சீமெந்து தகரத்தையும் தின்னும், செங்கல்லில் வெட்டு எடுத்துத் தகடு செருக வேண்டும். தகரத்துக்குச் சரிவு குறைவாக இருந்தாலும் போதும் என்று கூரையைத் தாழ்த்தி மரம் மிச்சம் பிடிப்பவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள், காற்றோடு பக்கவாட்டில் வருகிற மழைக்கு அந்தப் பழைய சரிவு காரணத்தோடு வைத்தது.

கனடாவில் இருக்கிற மச்சான் அனுப்புகிற வீடியோவில் கூரை மேலே உறைந்த பனியின் சுமைக்குக் கணக்குச் சொல்வார்கள், நமக்கு அந்தச் சுமை கிடையாது, அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

எப்போது செய்வது? ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பெப்ரவரியும் மார்ச்சும். மே வந்தால் தென்மேற்கு மழை தொடங்கிவிடும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் கணக்கு வேறு, அங்கே பெரிய மழை ஒக்டோபரிலிருந்து வருட முடிவு தாண்டியும் நிற்கும். எந்தப் பக்கமானாலும் அன்றைக்கு மூட முடிகிற அளவுக்கு மேல் திறக்க விடாதீர்கள். கூரை மரத்தில் கட்டியிருக்கிற மின்கம்பியை மின்சாரம் தருகிறவர்களுக்குச் சொல்லிக் கழற்றிய பிறகே ஆள் ஏறட்டும்.

கடைசியாகப் பீலி. காசு தீர்ந்துபோகிற இடத்தில்தான் பீலி வரும், அதனால் “அதைப் பிறகு பார்ப்போம்” என்று விட்டுவிடுவார்கள். தகரத்தில் தண்ணீர் ஓட்டுக் கூரையில் ஓடுவதைவிட வேகமாக ஓடும், பீலி இல்லாவிட்டால் மொத்தமும் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டடியிலோ முன்பக்கச் சரிவிலோ கொட்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நம் மலைகள் எப்படி இறங்கின என்று பார்த்தோம். ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் மலையைச் சரிக்காது, ஆனால் ஒரே இடத்தில் வருடக்கணக்காக ஊறுகிற மேடு முதலில் விடும். பீலி போட்டு, குழாயால் கானுக்கே (வடிகாலுக்கே) கொண்டுபோய் விடுங்கள், கான் இல்லாவிட்டால் கான் வெட்டிவிட்டுக் கூரை வேலையைத் தொடங்குங்கள். பாஸிடம் பேசும்போதே கடைசித் தவணைக் காசு ஒரு பெரிய மழைக்கும் ஒரு பனிக் காலைக்கும் பிறகுதான் என்று சொல்லிவிடுங்கள். பனிக் காலை வர மாதக்கணக்கு ஆகும் என்றால் குறைந்தது மழையாவது.