எலி பேசியதா, வௌவால் பேசியதா? கரும்புக்காட்டில் ஒலி பிடிப்போர் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே டொங்காட், வெருலம் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் எலிக்குப் பஞ்சமில்லை. அவற்றின் குரலைப் பிடிக்கப் போகிறவர்கள் செல்போனை வரப்பில் வைத்துவிட்டு வந்தால் விடியற்காலையில் கிடைப்பது பூச்சி இரைச்சல்தான். செல்போன் ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளக்கும், அதாவது 48,000 மாதிரி எடுக்கும். அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் சுருதிதான் அது பிடிக்கும் எல்லை. சிற்றெலிகளின் பேச்சில் பெரும்பங்கு அதற்கு மேலே, நம் காதுக்கு எட்டாத மீயொலியில் நடக்கிறது. விநாடிக்கு 250,000 மாதிரியாவது வேண்டும். ஆடியோமாத் போன்ற சின்ன ஒலிப்பதிவுக் கருவியே 384,000 வரை எடுக்கும். 250,000-இல், 16 பிட்டில், மணிக்கு 1.8 ஜிபி, 12 மணி நேர இரவுக்கு 21.6 ஜிபி ஆகும். கார்டில் இடம் போதவில்லையென்று எம்பி3-ஆக மாற்றினால் மீயொலி மொத்தமும் போய்விடும். சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்திருங்கள்.

இதற்காகக் காதைக் கழற்றி வைத்துவிட வேண்டாம். நாட்டின் வறண்ட மேற்குப் பகுதியில் வாழும் பிரான்ட்ஸ் விசில் எலி ஆபத்தைக் கண்டதும் அடிக்கும் சீழ்க்கை நம் காதுக்கே கேட்கும்.

அடுத்தது தூரம். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் காற்றே மீட்டருக்கு ஒன்றிரண்டு டெசிபல் தின்றுவிடும். தூரம் இரட்டித்தால் வழக்கமாகக் குறையும் 6 டெசிபல் தனி. நடுவில் கரும்புச் சோகை வேறு. எலித்தடத்திலிருந்து மைக் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். ஆனால் கிட்டே வைத்து ஒலியளவையும் ஏற்றிவிட்டால் அலையின் உச்சி வெட்டுப்படும். அப்போது ஒலியின் சுருதியைக் கோடாகக் காட்டும் நிறமாலைப் படத்தில், 30 கிலோஹெர்ட்ஸ் குரலுக்கு மேலே 90-இல் ஒரு பொய்க்கோடு தோன்றும். "இந்த எலி இரண்டு சுருதியில் பேசுகிறது" என்று எழுதுமுன் அலைவடிவத்தின் முகடு தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இவையெல்லாம் கருவிக் கோளாறு, திருத்திவிடலாம். பேசியது யார் என்று தெரியாமல் என்ன பேசியது என்று ஆராய்வதற்குத்தான் மருந்தில்லை. மீயொலியில் எலி மட்டுமா பேசுகிறது? வௌவால் உண்டு, இலைவெட்டுக்கிளி உண்டு, காய்ந்த சோகை மிதிபடும் சத்தமும் உண்டு. பல வௌவால்களின் குரல்துடிப்பில் சுருதி சில மில்லிவிநாடியில் மேலிருந்து கீழே சரியும். அதைக் கண்டுகொள்வது எளிது. ஏமாற்றுவது லாட வௌவால். ஒரே சுருதியில் பல பத்து மில்லிவிநாடி நேர்கோடாக இழுக்கும், பார்க்க எலிக்குரல் போலவே இருக்கும். இடைவெளியைக் கவனியுங்கள்: வௌவால் தாளம் தப்பாமல் அடுக்கும், எலி விட்டுவிட்டுப் பேசும். ஐயம் தீர வேண்டுமானால் மைக்கோடு அகச்சிவப்புக் கேமராவையும் வைத்து இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக்குங்கள். தொடங்கும்போது ஒருமுறை சாவிக்கொத்தைக் குலுக்கினால் போதும். படத்திலும் ஒலியிலும் ஒரே கணத்தில் பதியும்.

எலிதான் என்றான பிறகும், எந்த எலி? இங்கே நிறையத் திரியும் மாஸ்டோமிஸ் நட்டாலென்சிஸ் என்ற எலியினத்துக்கு மாஸ்டோமிஸ் கூச்சா என்றொரு அச்சு அசல் உடன்பிறப்பு இனம் உண்டு. முன்னதற்கு 32 குரோமோசோம், பின்னதற்கு 36. கண்ணால் பிரிக்க முடியாது, திசு மாதிரி வேண்டும். முதுகில் நான்கு வரி ஓடும் ராப்டோமிஸ் எலியோ பகலில் நடமாடுவது. இரவில் மட்டும் பதிவு செய்துவிட்டு "அது ஊமை" என்று முடிவு கட்டக் கூடாது.

எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே எலி 200 முறை கத்தினால் அது 200 மாதிரி ஆகாது, ஓர் எலிதான். பத்து எலியிடம் இருபது இருபதாக எடுத்தது அதைவிடப் பலமடங்கு உதவும்.

ஆய்வக வெள்ளெலி 22 கிலோஹெர்ட்ஸில் நீட்டி முழக்கினால் அச்சம் என்பார்கள். அந்த அகராதியைக் காட்டெலி மேல் ஒட்டாதீர்கள். குரல் எழுந்தபோது விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்ற குறிப்பு இல்லாமல் பொருள் சொல்வது ஜோசியம்.

கூண்டில் பிடித்த எலியின் குரலும் அப்படித்தான். தகரச் சுவரில் எதிரொலித்த பயம் அது. பிடித்தே ஆக வேண்டுமென்றால் மாகாணத்தின் எசெம்வெலோ வனவிலங்குத் துறையின் அனுமதியும் தோட்டக்காரரின் சம்மதமும் முதலில். கூண்டுக்குள் வேர்க்கடலை வெண்ணெயில் பிசைந்த ஓட்ஸ், ஒரு பிடி பஞ்சு. விடிந்ததும் கையுறையோடு போய்ப் பாருங்கள். நடால் வெயிலில் காலை ஒன்பது மணிக்கே தகரக் கூண்டு அடுப்பாகிவிடும்.